அரைத் தேக்கரண்டித் தண்ணீர்

பிப்ரவரி 9

அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே இழுப்பறைக்குள் தள்ளிவிடாதே. படித்துவிட்டுத் தள்ளு. எழுத்து இவ்வளவு பெரிதாகவும் சரிந்தும் இருப்பதற்குக் கோபம் காரணமில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசி எதுவும் உருப்பட்டதில்லை. நீ ஒன்று சொல்வாய், நான் இரண்டு சொல்வேன், யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் என் கண். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. குளிர்பெட்டிக் கதவில் கட்டம் போட்ட தாள் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். கோடுகள் நேராகத் தெரிந்தால் சரி. இடது கண்ணுக்கு நடுக்கட்டங்கள் ஈரத்துணி போலத் தொங்கிவிட்டன. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. ஊசியில் நூல் கோப்பதை விட்டாயிற்று. கடையில் அளவெடுப்பதோடு சரி, தையலை மற்றவர்கள் பார்க்கிறார்கள்.

"முழுசா இருட்டாயிடாதும்மா. நடுவுல மட்டும்தான் போகும். ஓரம் தங்கும்" என்றார் டாக்டர். நல்ல செய்தி சொல்பவர் போலச் சொன்னார். நடுவை எடுத்துக்கொண்டு ஓரத்தைக் கொடுத்தால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். "பழகிடும்" என்றார்.

அதற்குள் எனக்கு ஒன்று பார்க்க வேண்டும். அப்பாவின் கல்.

அதை எனக்குத் தரச் சொல்லவில்லை. அப்பாவின் வீட்டைக் காலி செய்த அன்று யாரையும் கேட்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாயே, அதைப் பற்றியும் இப்போது பேசவில்லை. கொண்டுவந்து காட்டு. அதற்குள் மாமா ஒரு தடவை படி ஏறுவதைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் எடுத்துக்கொண்டு போய்விடு. சாப்பிடக்கூட இருக்க வேண்டாம்.

தங்கை

*

பிப்ரவரி 23

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. கண் விஷயம் வருத்தமாக இருக்கிறது. எந்த மருத்துவமனை, என்ன ஊசி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை எழுது. இங்கே என்னிடம் படித்தவன் ஒருவனின் மனைவி கண் டாக்டர். கேட்டுச் சொல்கிறேன்.

கல்லைப் பற்றி. நான் யாரையும் கேட்காமல் எடுத்தேன் என்பது உண்மை. யாரைக் கேட்டிருக்க வேண்டும்? உன் வீட்டுக்காரரையா? அன்று அவர் அந்தக் கல்லைக் கையில் எடுத்து, தூக்கிப் பார்த்து, "பேப்பர் வெயிட்டா மச்சான்?" என்று கேட்டாரே, எனக்கு மறக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த பொருளுக்கும் உடைந்த பொருளுக்கும் விலை போட்டுப் பழகியவர். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். அதுவும் மறக்கவில்லை.

அப்பா அதைச் சுரங்கப்பாதை வேலையில் பாறையைத் துளைக்கும்போது எடுத்தார். முஷ்டி அளவு படிகம். ஒரு பக்கத்தை மணல் தாளால் மாதக்கணக்கில் தேய்த்து ஜன்னல் மாதிரி ஆக்கினார். அதற்குள் ஒரு பொந்து, பொந்துக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் காற்றுக்குமிழி ஒன்று. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தாய் என்பதற்காக எழுதுகிறேன்.

போகட்டும். டிக்கெட் எடுத்துவிட்டேன், மார்ச் 12. மதியம் அங்கே இறங்குகிறேன். கைப்பை மட்டும்தான். கல்லைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பச் சம்மதிக்க மாட்டேன். அங்கே குளிர் எவ்வளவு இறங்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்தால் பருக்கும். பருத்தால் கல் விரிசல் விடும். மனிதன் என்ற பிராணியே இல்லாத காலத்திலிருந்து மூடிக் கிடப்பதை ஒரு பெட்டிக்குள் வைத்து நான் உடைத்தேன் என்று இருக்கக் கூடாது. தபாலிலும் இதே கதிதான். என் மடியில் வரும்.

சாப்பாட்டுக்கு இருக்கிறேனா இல்லையா என்பதை அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன்

*

மார்ச் 14

தங்கைக்கு,

நான் ஏன் இறங்கவில்லை என்று தெரிந்திருக்காது. உன் அண்ணி போன் செய்து "அவர் வரலை" என்று மட்டும் சொன்னதாகச் சொன்னாள். காரணத்தை நானே எழுதுகிறேன். முழுவதும் படி.

விமான நிலையத்தின் சோதனை வரிசையில் நீ சமீபத்தில் நின்றிருக்கிறாயா? பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று, கடிகாரத்தைக் கழற்று. படித்தவன், படிக்காதவன், பதவியில் இருப்பவன் எல்லோரும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால் அந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்தே இருந்தது.

தண்ணீர் விஷயத்தில்தான் பைத்தியக்காரத்தனம். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். இருமல் மருந்துப் பாட்டில் வைத்திருந்தார். அடியில் இரண்டு வேளைக்கான மருந்துதான் இருந்தது. பாட்டில் பெரிது என்பதால் எடுத்துப் போட்டுவிட்டார்கள். நூறு மில்லிக்கு மேல் கூடாது என்பது பாட்டிலின் அளவாம், மருந்தின் அளவு இல்லையாம். அவர் இருமிக்கொண்டே கெஞ்சினார். ஒரு பெண்மணி பழக்கூழ் ஜாடியைப் பிடித்துக்கொண்டு "இது தண்ணி இல்லீங்க, பூசுறது" என்று வாதாடினார். பூசுவதும் தண்ணீர்தானாம். இன்னொருவன் எடுத்துப் போடுவதற்குள் தீர்த்துவிடலாம் என்று ஒரு லிட்டர் தண்ணீரை நின்ற இடத்திலேயே மடக் மடக் என்று குடித்தான். பார்க்க எனக்கு மூச்சு முட்டியது. பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி. அதில் வாசனைத் தைலம், தலைக்குப் போடுவது, முகத்துக்குப் போடுவது எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு கல்யாணக் கூட்டமே உள்ளே அடைபட்டது போல அதிலிருந்து மணம் வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பாத்திரத்தை வைத்து முடிவு செய்யும் ஆட்களை எனக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எனக்குத் துறைத்தலைவர் பதவி கிடைக்காததும் இதே கணக்கில்தான். அது வேறு விஷயம்.

என் பை எந்திரத்துக்குள் போனது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி போனது. அங்கே சீருடையில் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம்.

"சார், பைக்குள்ள கல்லு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"உள்ள பொந்து மாதிரி தெரியுது. காலியா?"

"காலியில்லம்மா. தண்ணீர்."

இதைச் சொன்னதுதான் தப்பு என்று உன் அண்ணி இரண்டு நாளாகச் சொல்கிறாள். கேட்டார்கள், சொன்னேன். இருப்பதை இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"தண்ணியா? எவ்ளோ சார்?"

"அரைத் தேக்கரண்டி இருக்கும்."

"அப்ப பாட்டில்ல அளவு எழுதியிருக்கணுமே. நூறு மில்லிக்குள்ளன்னு."

"இதை அடைத்தவர் எழுதிவைக்க மறந்துட்டார்."

அவள் சிரிக்கவில்லை. "திறந்து காட்டுங்க."

"திறக்க முடியாது. அடைத்த பிறகு இதுவரைக்கும் யாரும் திறந்ததில்லை."

"எப்ப அடைச்சது?"

சொன்னேன். கோடிக்கணக்கில் வருடம் என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒருவன், "அப்ப எக்ஸ்பைரி ஆகியிருக்குமே சார்!" என்றான். வரிசையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. முப்பது வருடம் வகுப்பில் நின்றவனுக்கு அந்தச் சிரிப்பின் ருசி தெரியும். கல்லைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, "போனில் விளக்கு இருக்கா? அடியில் பிடி. இந்த ஜன்னல் வழியா பார். இப்போ மெதுவா சாய்" என்றேன்.

சாய்த்தாள்.

நான் எழுதுவதைக் கவனமாகப் படி. குமிழி நகர்ந்தது. பொந்தின் நடுவில் அந்தச் சின்ன மேடு இருக்கிறதே, அங்கே வந்து நின்றது. அவளுக்கும் மூச்சு நின்றது. பிறகு அது மேட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. பக்கத்து எந்திரத்தில் நின்றவனைக் கையை நீட்டிக் கூப்பிட்டாள். அவன் குனிந்தான். எக்ஸ்பைரி என்று கத்தியவன் முன்னால் வந்தான். பழக்கூழ் அம்மாள் ஜாடியை அணைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். இருமல் பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டார். கன்வேயர் பெல்ட் மட்டும் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் வெறுங்காலோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கல்லைச் சுற்றி நின்றோம்.

"அப்ப இந்தத் தண்ணிய யாரும் தொட்டதே இல்லையா சார்?" என்று கேட்டாள்.

"தொடுறதுக்கு அப்போ ஆள் யாரும் இல்லம்மா."

இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பாடமாகச் சொன்னேன், பரீட்சைக்குக் கேள்வியாகக் கொடுத்தேன். சொல்லிச் சொல்லி அது எனக்கு வெறும் வாக்கியமாகிப் போயிருந்தது. அன்று அந்த இடத்தில் சொன்னபோது என் கைமயிர் நட்டுக்கொண்டது. மழை என்று ஒன்று பெய்திருக்கிறது. பார்க்க ஒரு கண் கிடையாது, பேர் வைக்க ஒரு வாய் கிடையாது. அந்த மழையில் அரைத் தேக்கரண்டி இந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொண்டு, மலை எழுந்தபோது எழுந்து, அப்பாவின் துளைப்பானுக்குத் தப்பித்து, இங்கே வந்து ஒரு பெண்ணின் கைவிளக்கில் நகர்கிறது. வரிசையில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

பிறகு மேலதிகாரி வந்தார். அவரும் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கல்லை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்து, "ரொம்ப அபூர்வம் சார். ஆனா விட முடியாது. நீங்களே தண்ணின்னு சொல்லிட்டீங்க. பெட்டியில போட்டு அனுப்பிடுங்க, இல்லன்னா இங்க விட்டுட்டுப் போங்க" என்றார்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வரவில்லை. அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை.

கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அண்ணன்

*

மார்ச் 27

அண்ணா,

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் படித்தேன். படிக்க ஒரு பகல் முழுக்க ஆனது.

அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் வெளியே வரும் கதவுக்கு எதிரில் நின்றோம். எனக்கு முகங்கள் தெரியாது, நடுவில் கரித்துணி வைத்துத் துடைத்த மாதிரி இருக்கும். அதனால் அவரிடம், "அண்ணன் வந்தா சொல்லுங்க" என்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். "இவரா?" "இல்ல." "அது யாரு, பையைத் தூக்கிட்டு?" "அதுவும் இல்ல." விமானத்தை ஓட்டியவர்கள்கூட வெளியே போய்விட்டார்கள். பெருக்குகிறவர் வந்து எங்கள் காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார். நீ பேப்பர் வெயிட் என்று ஏசுகிறாயே, அந்த மனிதர் "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்றார்.

உன்னிடம் யார் கேட்டார்கள்? காலியா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி நிறுத்தினால் ஆகாதா? அதற்கு மேல் பாடம் நடத்த வேண்டுமா? உனக்கு உண்மை முக்கியமில்லை அண்ணா. உண்மையைச் சொல்லித் தோற்பதுதான் உனக்கு வேண்டும். தோற்றுவிட்டு அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறாய். துறைத்தலைவர் விஷயத்திலும் இதைத்தான் செய்தாய். இதைச் சொன்னதற்குத்தான் என்னோடு பேச்சை விட்டாய். இப்போதும் சொல்கிறேன். வேண்டுமானால் கடிதத்தையும் விடு.

வலது கண்ணில் கட்டங்கள் வேகமாக வளைகின்றன. நேற்று கண்ணாடி முன் நின்றேன். இரண்டு காதும் தெரிந்தன. மூஞ்சி இல்லை.

அந்த வரிசையில் எல்லோரும் வெறுங்காலோடு நின்றதாக எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். முன்பின் தெரியாத ஆட்கள் எல்லோரும் மாமாவைப் பார்த்துவிட்டார்கள். எக்ஸ்பைரி என்று கத்தினவன் பார்த்துவிட்டான். நான் பார்க்கவில்லை.

தங்கை

*

ஏப்ரல் 10

தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு விரிவாகப் பதில் எழுதி, அதைக் கிழித்துவிட்டேன். நீ எழுதியதில் பாதி அநியாயம். மீதியைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

சும்மா இருக்கவில்லை. விமான நிலைய நிர்வாகத்துக்கு முறைப்படி எழுதினேன். கல்லின் படம், எடை, கல்லூரியின் சான்று எல்லாம் இணைத்தேன். பதில் வந்தது. திரவங்கள் பற்றிய விதிகளை அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். கூழ், பசை, நுரை, தைலம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அடியில் "தங்கள் கருத்துக்கு நன்றி". மறுபடி எழுதினேன். குழந்தைப் பாலுக்கு விலக்கு உண்டு, டாக்டர் சீட்டோடு வரும் மருந்துக்கு விலக்கு உண்டு, இதற்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டேன். அதே தாள் மறுபடி வந்தது. இது குழந்தைக்கா, நோயாளிக்கா என்று மட்டும் தொலைபேசியில் ஒருவர் கேட்டார். நோயாளிக்கு என்றேன். "குடிக்கவா சார், பூசவா?" என்றார். பார்க்க என்றேன். அப்படி ஒரு பிரிவு இல்லையாம்.

விடப்போவதில்லை. மேலே எழுதுகிறேன்.

நீ உன் அண்ணியிடம் போனில் சொன்ன விவரத்தை என் மாணவனின் மனைவி, அந்தக் கண் டாக்டரிடம் காட்டினேன். நீ போட்டுக்கொள்ளும் ஊசி சரியானதுதான் என்கிறாள். நிறுத்திவிடாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 22

அண்ணா,

இது அவருடைய கையெழுத்து. நான் சொல்கிறேன், அவர் எழுதுகிறார். உன்னைத் திட்டும் இடங்களில் பேனா மெதுவாகப் போகிறது, எழுதுங்கள் என்று அதட்ட வேண்டியிருக்கிறது.

மேலே எழுதாதே. நீ எழுதி, அவர்கள் யோசித்து, விதி மாறி வருவதற்குள் எனக்குக் கட்டங்களே இருக்காது. உனக்கு வழக்கு ஜெயிக்க வேண்டுமா, நான் பார்க்க வேண்டுமா?

ரொம்பச் சின்ன வயதில் ஒருநாள் நீ எனக்குக் கல்லைக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மாடி வீட்டு மாமா வெளியே படியேறிக்கொண்டிருந்தார். பாதிப்படியில் நின்று மூச்சு வாங்குவார், பிறகு ஏறுவார். நீ அந்தக் குமிழியைக் காட்டி, "பாரு, மாமா" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் அப்பா எழுந்து இரண்டு பேருக்கும் முதுகில் ஒன்று வைத்தார். அதற்கப்புறம் கல்லுக்கு உன் பக்கம், என் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். மாமா உன் பக்கம் ஏறினால் நான் அழுவேன், நீ திருப்பிப் பிடிப்பாய்.

உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அதுவும் சின்னதாக.

தங்கை

மச்சான், இந்த வரி என்னுடையது, அவள் சொல்லவில்லை. பேப்பர் வெயிட் என்று நான் சொன்னது தெரியாமல் சொன்னது. நிஜமாகவே பேப்பர் வெயிட் என்றுதான் நினைத்தேன். அதற்குள் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை.

*

மே 6, விமான நிலையம்

அன்புள்ள தங்கைக்கு,

இன்னும் சற்று நேரத்தில் விமானம். நாளைக்குள் உன் வீட்டில் இருப்பேன், பிறகு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நேரில் பார்த்தால் நான் வாதம் செய்ய ஆரம்பித்துவிடுவேன். அதனால் இதை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளை படித்துக் காட்டட்டும். அவர் எழுதிய வரிக்கு நேரில் பதில் சொல்கிறேன். அவருக்கும் காட்டியதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சோதனைக் கூடத்தில் நான்கு வரிசைகள் இருந்தன. அந்தப் பெண் மூன்றாவதில் இருந்தாள். அதில்தான் நின்றேன். அவள் நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று பின்னால் இருந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று ஒரே ஒரு வார்த்தையைப் பழகியிருந்தேன். கல். அவ்வளவுதான். என்ன கேட்டாலும் கல். உன் அண்ணி பார்த்துவிட்டு, "நாடகத்துக்கு ஒத்திகையா?" என்றாள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பை உள்ளே போனது, நின்றது. அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. பத்தடி தள்ளி அதே மேலதிகாரி யாருடைய பைக்குள்ளோ கையை விட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைத்தான் அவள் கேட்க வேண்டும். பைக்குள் தண்ணீர், தைலம் ஏதாவது இருக்கிறதா என்பது கேள்வி. எனக்கு முன்னால் போன அத்தனை பேரிடமும் கேட்டாள். பழகின வார்த்தை தொண்டையிலேயே நின்றது. இருக்கிறது என்ற வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் அவள் கேட்டாள்: "கல்லுதானே சார்?"

ஏதோ ஒரு வகுப்பில் ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தால், கல் மட்டும் இல்லை, கவனி, என்று ஆரம்பித்து மணி அடிக்கும்வரை பேசியிருப்பேன். அந்த வாக்கியம் முழுவதும் வாய்க்குள் தயாராக இருந்தது. நீ வெளியே வரும் கதவுக்கு எதிரில் நின்று "இவரா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது.

"ஆமாம்மா. கல்லுதான்" என்றேன்.

சொன்னதும் ஏதாவது இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவள் துண்டைப் பிரித்தாள். கல்லை எடுத்து, யாருக்கும் தெரியாமல் விளக்குப் பக்கம் ஒரு தடவை சாய்த்தாள். தனக்காக மட்டும். அவள் முகம் சின்னப் பிள்ளை முகமாக ஆனது. பிறகு நான் சுற்றியிருந்ததைவிட நன்றாகச் சுற்றி, இறுக்கி, பைக்குள் வைத்தாள்.

"யாருக்கு சார்?"

"தங்கச்சிக்கு. கண்ணு சரியில்ல."

"காட்டிட்டு வாங்க" என்றாள். பிறகு அடுத்த ஆளைப் பார்த்து, "தண்ணி, தைலம் ஏதும் இருக்கா?" என்று குரலை உயர்த்தினாள்.

விதியை மீறியவள் அவள். பழைய நான் என்றால் இதற்கும் ஒரு புகார் எழுதியிருப்பேன்.

கல் இப்போது என் மடியில் இருக்கிறது. வெளியே இத்தனை பெரிய எந்திரங்கள் எழும்பிப் போகின்றன, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, குமிழியும் சற்றே நடுங்குகிறது. இதைவிட எவ்வளவோ அதிர்ச்சிகளைப் பார்த்த தண்ணீர். தண்ணீர் என்று சொன்னாலும் கல் என்று சொன்னாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் இத்தனை நாள் அதற்காக மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

கூப்பிடுகிறார்கள்.

உன் அண்ணன்

*

மே 30

அண்ணா,

இதை நானே எழுதுகிறேன். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். கட்டைப் பேனாவால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் வருகிறது, அதனால்தான் இத்தனை தாள்.

நீ இருந்தபோது சொல்லவில்லை. உன் முகம் தெரியாவிட்டாலும் நீ எப்படி நின்றாய் என்று தெரியும். ஜன்னல் பக்கம் கல்லைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் "தெரியுது, தெரியுது" என்றேன். பொய் அண்ணா. ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலையே உற்றுப் பார்த்தேன். கல் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. நீ என்னை நம்பவில்லை என்பதும் தெரியும். அன்று சாப்பிடும்போது இரண்டு பேரும் பருப்பில் உப்பு போதவில்லை என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கல்லை வாங்கிப் பார்த்தது உன் மாப்பிள்ளைதான். நீ தூங்கப் போன பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தார். மறுநாள் காலையிலும் பார்த்தார். இது எவ்வளவு பெறும் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவருக்கு அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

நீ கிளம்பிப் போன பிறகு படுக்கையைத் தட்டினால் தலையணைக்கு அடியில் கல். யாரையும் கேட்காமல் எடுத்தாய் என்று நான் சொன்னதற்குப் பதிலாக, என்னிடம் கேட்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உனக்கு எதையும் கேட்டுச் செய்யும் வழக்கமே கிடையாது.

இனிதான் விஷயம்.

நேற்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து கல்லை வைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை, சும்மா கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ வந்தார்கள், யார் என்று கதவைப் பார்த்தேன். கல் கண்ணின் ஓரத்தில் இருந்தது. வெயில் அதன் மேல் விழுந்தது. ஏதோ நகர்ந்தது.

உடனே திரும்பிக் கல்லைப் பார்த்தேன். போய்விட்டது. சாம்பல் பள்ளம். மறுபடி கதவைப் பார்த்தேன். வந்தது.

அவ்வளவுதான் அண்ணா. நேராகப் பார்த்தால் கிடையாது. வேறு எதையாவது பார்த்துக்கொண்டு, கல்லைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லாதது போல உட்கார்ந்திருந்தால், ஓரத்தில் தெரிகிறது. டாக்டர் ஓரம் தங்கும் என்று சொன்னபோது நான் சண்டை போட்டேன் அல்லவா? ஓரத்தில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா?

வாசலில் வந்தவர் காஸ் சிலிண்டர் போடுகிறவர். "அம்மா, உள்ள வைக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார். நான் அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, "அசையாதீங்க, அப்படியே நில்லுங்க" என்கிறேன். கையில் கல்லை மெதுவாகச் சாய்க்கிறேன். அவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பயந்துபோய் நிற்கிறார். மாமா கிளம்பினார். மேட்டுக்கு வந்தார். நின்றார். மூச்சு வாங்கினார். எனக்கு ஒரே பயம், எங்கே அழுதுவிட்டால் அதுவும் மறைந்துவிடுமோ என்று. பிறகு ஏறினார்.

என் பக்கம் அண்ணா. என் பக்கம் ஏறினார்.

மழைக்காலம் முடிந்ததும் வந்து உன் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போ. எத்தனை தடவை வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொண்டுவரலாம். அந்த விமான நிலையத்துப் பெண்ணிடம், தங்கச்சி பார்த்தாள் என்று சொல்.

தங்கை